தமிழகத்தில் வீட்டுச் சலவை

உடுத்திய துணியில் ஏறிய வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, புழுதி, கறை ஆகியவற்றை நீக்கி, உலர்த்தி, மடித்து, மறுபடி உடுக்கத் தக்கதாக்கும் வேலை சலவை. ஊருக்கும் வேலையின் படிநிலைக்கும் ஏற்ப இதைத் துவைத்தல், வெளுத்தல், தோய்த்தல், அலசுதல் என்றும் சொல்வார்கள். தமிழகத்தில் இதற்கான எழுத்துச் சான்று சங்கப் பாடல்களிலேயே கிடைக்கிறது. அந்தக் காலம் தொட்டு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உவர்மண், வெள்ளாவி, துறைக்கல், வெயில் ஆகிய நான்கும் சலவையின் முதன்மைக் கருவிகளாக இருந்தன. பிறகு மூன்று தலைமுறைக்குள் பார் சோப், சோப்புத்தூள், வாஷிங் மெஷின் ஆகியவை அடுத்தடுத்து வந்து வேலையின் முறையையும் இடத்தையும் ஆளையும் மாற்றின. ஆகவே இந்த வரலாற்றை இரண்டு கேள்விகளோடு படிக்க வேண்டும்: அழுக்கு எப்படி நீக்கப்பட்டது? அதற்கான உழைப்பு யார் தோளில் விழுந்தது?

சலவையின் நான்கு கூறுகள்

ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959இல் சலவையை நான்கு கூறுகளாகப் பிரித்துக் காட்டினார்: வேதிப்பொருள், வெப்பம், நேரம், அசைவு. இவற்றில் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஒன்றையாவது கூட்டியாக வேண்டும். வீரியமான சோப்பு இல்லாத காலத்தில் இரவு முழுக்க ஆவியில் வேகவைத்தார்கள். வெந்நீர் இல்லாத வீட்டில் கல்லில் ஓங்கி அடித்தார்கள். இன்றைய இயந்திரம் சுழற்சியையும் நொதிகள் கலந்த தூளையும் கொண்டு ஒரு மணி நேரத்தில் வேலையை முடிக்கிறது.

பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இந்த நான்கும் பொதுவானவை. கலவையின் விகிதம்தான் காலந்தோறும் மாறியது. வேதிப்பொருளும் வெப்பமும் குறைவாக இருந்த இடங்களில், ‘அசைவு’ என்று சின்னர் குறித்தது மனிதரின் தோள்வலியாக இருந்தது.

இலக்கியச் சான்றுகள்

சங்கப் பாடல்களில் துணி வெளுப்பவள் ஒரு பெண். அவளைப் புலைத்தி என்று அப்பாடல்கள் குறிக்கின்றன. களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் அவள் வெளுத்துத் தந்த வெள்ளாடையைப் புறநானூற்றின் 311ஆம் பாடல் பேசுகிறது. களர்நிலத்து நீரில் காரத்தன்மை உண்டு. அழுக்கை இளக்க அது உதவும். குறுந்தொகையின் 330ஆம் பாடலில் அவள் ஆடைக்குப் பசையிட்டு, அடித்து, குளிர்ந்த குளத்து நீரில் போடுகிறாள். நற்றிணையின் 90ஆம் பாடல், திருவிழா நடக்கும் ஊரில் எல்லோர் துணியும் குவிவதால் கை ஓயாமல் உழைக்கும் அவளைக் காட்டுகிறது. ஆக, காரநீர், கஞ்சிப் பசை, கல்லில் அடித்தல், நீரில் அலசுதல் ஆகிய படிகளும், பண்டிகை வந்தால் வேலை இரட்டிப்பாகும் நிலையும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு இருந்தன.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம், காஞ்சிபுரத்தில் துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் வரலாற்றைச் சொல்கிறது. அடியார் கோலத்தில் வந்த இறைவன் தம் அழுக்குக் கந்தையைப் பொழுது சாய்வதற்குள் தரும்படி கேட்கிறார். தொண்டர் அதை வெளுத்துவிட்டார். ஆனால் மழை பிடித்துக்கொள்ள உலர்த்த முடியவில்லை. சொன்ன சொல் தவறியதே என்று துறைக்கல்லில் தலையை மோதிக்கொள்ளப் போகும்போது இறைவன் தடுத்தாட்கொள்கிறார். பக்திக் கதையாயினும், வெயில் இல்லாவிட்டால் சலவை முடியாது என்ற தொழில் உண்மையின் மீதுதான் இக்கதை நிற்கிறது.

உவர்மண்ணும் வெள்ளாவியும்

உவர்நிலங்களில் கோடைக்காலத்தில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும் மண் உவர்மண். சோடியம் கார்பனேட்டும் சோடியம் பைகார்பனேட்டும் இதில் கலந்துள்ளன. இன்று கடையில் விற்கும் சலவைச் சோடாவின் முக்கியப் பொருளும் சோடியம் கார்பனேட்டே. வண்ணார்கள் இம்மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, நீரில் கரைத்து, துணியை அதில் முக்கிப் பிழிவார்கள். வியர்வையோடும் எண்ணெயோடும் துணியில் ஒட்டிய கொழுப்பைக் காரம் ஓரளவு அங்கேயே சோப்பாக மாற்றிவிடும்.

அடுத்த கட்டம் வெள்ளாவி. அடுப்பின் மேல் நீர் நிறைந்த தாழியையோ அண்டாவையோ பதித்து, அதன் வாயைச் சுற்றிலும் மேலுமாகப் பிழிந்த துணிகளைக் கோபுரமாக அடுக்கி மூடி, அடியில் தீ மூட்டுவார்கள். நீராவி அடுக்கின் ஊடே ஏறித் துணிகளை இரவெல்லாம் வேகவைக்கும். காரமும் வெப்பமும் நேரமும் சேர்ந்து பிடிவாதமான அழுக்கை இளக்கும். பேன், கிருமி போன்றவையும் அழியும். பொழுது விடிவதற்கு முன் மூட்டைகளைக் கழுதை மேல் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோய், சரிவான கல்லில் அடித்துத் துவைத்து, ஓடும் நீரில் அலசி, புல்தரையிலோ மணற்பரப்பிலோ விரிப்பார்கள். ஈரத் துணியின் மேல் வெயிலும் காற்றும் படும்போது அதன் மஞ்சள் நிறம் மங்கும். குளோரின் தூள் வருவதற்கு முன் உலகெங்கும் வெளுப்பின் கடைசிப் படி இதுவாகவே இருந்தது.

இந்த முறை பருத்திக்குப் பொருந்தும். செல்லுலோஸால் ஆன பருத்தி இழை காரத்தைத் தாங்கும். பட்டும் கம்பளியும் புரத இழைகள். காரம் அவற்றை அரித்துவிடும். அதனால் பட்டுச் சேலைக்குப் பூந்திக்கொட்டை ஊறிய நீர் பயன்பட்டது. அதிலுள்ள சப்போனின் என்னும் பொருள் காரத்தின் கடுமை இல்லாமலே நுரைத்து அழுக்கை எடுக்கும். எந்த இழைக்கு எந்தப் பொருள் என்ற இந்த அறிவு, பள்ளியில் வேதியியல் படிக்காத கைகளில் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது.

நீலம், கஞ்சி, குறி

வெளுத்த துணி பலமுறை துவைத்தபின் பழுப்பு அல்லது மஞ்சள் சாயலை அடையும். மெல்லிய நீலம் சேர்த்தால் அந்த மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கித் துணி பளிச்சென்று தோன்றும். இதற்கு முதலில் அவுரியிலிருந்து எடுத்த நீலச்சாயம் உதவியது. பிரான்சின் ழான் பாப்டிஸ்ட் கிமே உருவாக்கிய செயற்கை அல்ட்ராமரின் 1828இல் பரிசு பெற்ற பிறகு, மலிவான நீலத்தூள் தொழிற்சாலைப் பொருளாயிற்று. இங்கிலாந்தின் ரெக்கிட் நிறுவனத்தின் ராபின் நீலம் இந்திய வீடுகளில் நெடுங்காலம் புழங்கியது. 1983இல் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் எம். பி. ராமச்சந்திரன் தொடங்கிய ஜோதி லேபரட்டரீஸின் உஜாலா, தூளின் திட்டுகள் விழாத சொட்டு நீலத்தைத் தென்னிந்தியா முழுதும் பரப்பியது. இன்று சோப்புத்தூளிலேயே கலக்கப்படும் ஒளியூட்டிகள், கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளியிட்டு இதே வேலையைச் செய்கின்றன.

சோறு வடித்த கஞ்சியில் வேட்டியையும் சேலையையும் தோய்ப்பது விறைப்புக்காக மட்டுமன்று. இழையின் மேல் படியும் மாவுப்பொருள் அழுக்கை நேரடியாக நூலில் ஏறவிடாமல் தடுக்கும். அடுத்த துவைப்பில் கஞ்சியோடு அழுக்கும் கரைந்து போகும்.

பல வீட்டுத் துணிகள் ஒரே வெள்ளாவியில் வேகும்போது அவை கலந்துவிடாமல் இருக்க வண்ணார் குறி இடப்பட்டது. சேங்கொட்டையின் சாறு எத்தனை துவைப்புக்கும் அழியாத கருங்குறியைத் தரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் புள்ளி, கோடு, வளைவு கொண்டு ஊர் முழுவதன் துணியையும் பிரித்தறிந்தார்கள். அந்தச் சாறு சிலரின் தோலில் கடும் அரிப்பை உண்டாக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் இந்தத் தோல் அழற்சி கண்டறியப்பட்டு, 1943இல் மருத்துவர்கள் அதைப் பதிவு செய்தார்கள். நாள்தோறும் அச்சாற்றைத் தொட்டு வேலை செய்தவர்கள் வண்ணார்கள்.

குடிமைத் தொழிலும் அதன் கொடுமையும்

கிராமத்தில் சலவை விலைக்கு விற்கும் சேவையாக இருக்கவில்லை. பிறப்பால் விதிக்கப்பட்ட குடிமைத் தொழிலாக இருந்தது. அறுவடையின்போது களத்தில் அளக்கும் நெல்லும், அன்றாடம் வீடு வீடாக வாங்கும் சோறும் கூலி. வீட்டுச் சுவரில் போட்ட கரிக்கோடும் பின்னாளில் நோட்டுப் புத்தகமும் உருப்படிக் கணக்கைக் காத்தன. பூப்பு, பிள்ளைப்பேறு, இறப்பு ஆகியவற்றின் துணிகளை அவர்கள்தான் எடுக்க வேண்டும். மாற்றுத் துணி தர வேண்டும். திருமணத்தில் நடைபாவாடை விரிக்க வேண்டும். பந்தலுக்கு வெள்ளை கட்ட வேண்டும். ஊரின் தீட்டைப் போக்கும் வேலையைச் செய்தவர்களையே ஊர் தீட்டு உள்ளவர்களாக நடத்தியது. யாழ்ப்பாணத்திலும் கட்டாடி என்று அழைக்கப்பட்ட வண்ணார்கள் இதுபோன்ற கடமைகளுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள்.

இந்த அடுக்கின் அடித்தட்டில் புதிரை வண்ணார்கள் வைக்கப்பட்டார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரின் துணிகளை வெளுத்த இவர்கள் கண்ணில் படுவதே தீட்டு என்று ஒதுக்கப்பட்டு, பகலில் வெளியே வரத் தடை விதிக்கப்பட்டதை 1932இல் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த செய்தி பதிவு செய்தது; அம்பேத்கர் அதைத் தம் எழுத்தில் எடுத்துக்காட்டினார். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவல், தொழில் கைவிட்டுப்போகும் காலத்தில் ஒரு புதிரை வண்ணார்ப் பெண்ணின் வாழ்வைச் சொல்கிறது. தமிழக அரசு 2009இல் புதிரை வண்ணார் நல வாரியத்தை அமைத்தது.

குடிமைச் சலவை எல்லா வீட்டுக்கும் எல்லாத் துணிக்கும் கிடைத்ததாக நினைக்கக் கூடாது. அன்றாட உடையை ஆற்றிலும் குளத்திலும் கிணற்றடியிலும் அலசிக்கொள்வது பெரும்பாலான பெண்களின் வேலை. வெளுப்புக்குப் போனவை வேட்டி, நல்ல சேலை, படுக்கை விரிப்பு போன்றவையே.

நகரத்துச் சலவைத்துறைகள்

சென்னையின் வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த பகுதி. நெசவாளரிடமிருந்து வந்த பழுப்புத் துணி கப்பலேறும் முன் வெளுக்கப்பட வேண்டும். அதற்கு நீரும் வெட்டவெளியும் வேண்டும். இன்றைய தங்கசாலைத் தெருவும் முன்பு வண்ணார்களின் பெயரால் அழைக்கப்பட்டது.

நகரம் பெருகியபோது சலவைக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. சேத்துப்பட்டு சலவைத்துறை 1902 முதல் இயங்கி வருவதாகக் கூறப்படுகிறது. கொச்சிக் கோட்டையின் வேலிப் பகுதியில் தமிழ் வண்ணார்கள் நடத்தும் டோபிகானா இதுபோன்ற இன்னொன்று. தமிழகத்திலிருந்து சென்று அங்கே குடியேறிய அவர்களுக்காக 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் துவைக்கும் தொட்டிகள் கொண்ட கட்டடத்தை எழுப்பியது. முறுக்கிய கயிற்றின் பிரிகளுக்கு இடையே துணியின் நுனியைச் செருகிக் கிளிப் இல்லாமலே உலர்த்தும் பழக்கம் அங்கே இன்றும் உண்டு. நகரத்தில் கூலி ரொக்கமாயிற்று. தொழிலாளி பேரம் பேச முடிந்தது. குடிமைக் கட்டு தளர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பார் சோப்பின் வருகை

1791இல் பிரான்சில் நிக்கோலா லெப்ளாங்க் உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1860களில் பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே அதைவிட மலிவான முறையை நிலைநிறுத்தினார். சோடா மலிந்ததும் சோப்பு மலிந்தது. 1888இல் கல்கத்தாத் துறைமுகத்தில் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் இறங்கின. 1917இல் தொடங்கிய டாடா எண்ணெய் ஆலை நிறுவனம் கொச்சியில் தேங்காய் எண்ணெயைத் தளமாகக் கொண்டு வளர்ந்தது. அதன் 501 பார் சோப் தென்னிந்திய வீடுகளில் பழக்கமான பெயர். தமிழகத்திலேயே பொன்வண்டு, அரசன், பவர் போன்ற சோப்புகள் பின்னர் வேரூன்றின.

பார் சோப் சலவையின் புவியியலை மாற்றியது. உவர்மண் தேட வேண்டாம், வெள்ளாவி அடுப்பு வேண்டாம், ஆற்றங்கரை வேண்டாம். கிணற்றடியில் ஒரு துவைக்கல், ஒரு வாளி, ஒரு பிரஷ் போதும். வெளுப்புக்குப் போன துணிகளும் வீட்டுக்குள் வந்தன. நூலைக் கொண்டு நீளப் பாரைத் துண்டு துண்டாக வெட்டி, வாரக் கணக்குப் பார்த்துச் செலவிடுவது குடும்பத் தலைவியின் சிக்கனமாயிற்று. வண்ணாருக்குக் கொடுத்த நெல் மிச்சமானது. அவரது குடும்பம் செய்த வேலை வீட்டுப் பெண்ணின் தோளுக்கு மாறியது. சலவை நவீனமானதன் முதல் விளைவாக வீட்டில் வேலை கூடியதைப் பலர் கவனிப்பதில்லை.

சோப்பு உப்புத் தண்ணீரில் தோற்றது. கிணற்றிலும் ஆழ்துளைக் குழாயிலும் வரும் கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. அவை சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகித் துணியில் ஒட்டிக்கொள்ளும், நுரை வராது, வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகும். நல்ல தண்ணீர் தேடிக் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் மூட்டை சுமந்த நடை, பார் சோப் வந்த பின்பும் பல ஊர்களில் ஓயவில்லை.

சோப்புத்தூள் யுகம்

முதல் உலகப் போரில் கொழுப்புத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது ஜெர்மனியில் செயற்கைச் சலவைப் பொருள்கள் பிறந்தன. 1946இல் அமெரிக்காவில் வெளிவந்த டைடு, கனமான துவைப்புக்கும் சோப்புக்கு மாற்று உண்டு என்று காட்டியது. இந்தியாவில் 1959இல் இந்துஸ்தான் லீவர் சர்ஃபைக் கொண்டுவந்தது. வாளித் தண்ணீரில் தூளைக் கலக்கி, துணியை ஊறவைத்து, பிறகு கசக்கும் முறை வீடுகளுக்கு அறிமுகமாயிற்று. சின்னரின் நான்கு கூறுகளில் தோள்வலியின் பங்கு இங்கே குறைந்தது. ஊறும் நேரம் அதை ஈடுகட்டியது.

சர்ஃப் நடுத்தர வீடுகளின் பொருளாக இருந்தது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டிலேயே தூள் தயாரித்து, சைக்கிளில் வைத்து வீடு வீடாக மிகக் குறைந்த விலைக்கு விற்றார். அதுவே நிர்மா. 1980களில் அதன் மஞ்சள் தூள் நாடெங்கும் பரவ, சோப்புத்தூள் கூலி உழைப்பாளியின் வீட்டுக்கும் வந்தது. அதோடு போட்டியிட இந்துஸ்தான் லீவர் 1987இல் வீலைக் கொண்டுவந்தது. சிறு பாக்கெட்டுகள் பெருகிய பின்னர் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்குத் தூள் வாங்கித் துவைப்பது கிராமப் பெட்டிக்கடை வரை எளிதாயிற்று.

இத்தூள்களின் முதன்மைப் பொருள் எல்ஏபி எனப்படும் நேர்க்கோட்டு ஆல்கைல் பென்சீனிலிருந்து வருகிறது. சென்னை மணலியில் உள்ள தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் அதைத் தயாரிக்கிறது. தூளில் சேரும் சோடா சாம்பலைத் தூத்துக்குடி ஆல்கலி ஆலை உற்பத்தி செய்தது. உவர்நிலத்தில் சுரண்டிய அதே கார்பனேட்டு இப்போது ஆலையிலிருந்து மூட்டையாக வருகிறது. கடின நீரிலும் இவை கசடாகாமல் நுரைப்பதால் உப்புத் தண்ணீர் ஊர்களில் சோப்புத்தூள் விரைவில் வென்றது.

இழையும் மாறியது. 1960களிலிருந்து டெரிலின், டெரிகாட்டன் போன்ற செயற்கை இழைத் துணிகள் பரவின. அவை வேகமாக உலரும், கஞ்சி வேண்டாம், சுருக்கம் குறைவு. ஆனால் வெள்ளாவியின் வெப்பத்தில் அவற்றைப் போட்டால் உருக்குலையும். ஒரு வீட்டுத் துணியில் பாதிக்கு மேல் செயற்கை இழையான பிறகு வெள்ளாவி மூட்டுவதற்கு உரிய உருப்படிகள் குறைந்தன. பார் சோப் தொடங்கியதைப் பாலியஸ்டர் முடித்துவைத்தது.

வாஷிங் மெஷின்

இயந்திரத்தில் துவைக்கும் ஆசை பழையது. 1767இல் ஜெர்மனியின் யாக்கோப் கிறிஸ்தியான் ஷேஃபர் கையால் சுழற்றும் சலவைத் தொட்டியின் வடிவமைப்பை வெளியிட்டார். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அமெரிக்காவில் மின்மோட்டார் பொருத்திய இயந்திரம் விற்பனைக்கு வந்தது. 1937இல் பெண்டிக்ஸ் நிறுவனம் துவைத்து, அலசி, பிழியும் தானியங்கி இயந்திரத்தைக் காட்டியது.

இந்திய நடுத்தர வீடுகளுக்கு இது 1980களின் பிற்பகுதியில்தான் எட்டியது. 1987இல் டிவிஎஸ் குழுமமும் அமெரிக்காவின் வேர்ல்பூலும் கூட்டு சேர்ந்து புதுச்சேரியில் வாஷிங் மெஷின் ஆலை அமைத்தன. பின்னாளில் திருப்பெரும்புதூரின் சாம்சங் ஆலையும் இதே பொருளைத் தயாரித்தது. தமிழகத்தில் முதலில் வென்றது செமி ஆட்டோமேட்டிக். ஒரு தொட்டியில் துவைத்து, கையால் எடுத்து அடுத்த தொட்டியில் போட்டுப் பிழிய வேண்டும். குழாயில் அழுத்தம் இல்லாவிட்டாலும் வாளியால் நீர் ஊற்றலாம். மின்சாரம் போய்விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் உறுதி இல்லாத வீடுகளுக்கு இது ஏற்ற கருவியாக இருந்தது. மேல்நிலைத் தொட்டியும் தடையற்ற மின்சாரமும் வந்த பின்பே முழுத் தானியங்கி பரவியது.

குளிர்நாடுகளில் இயந்திரம் நீரைச் சூடாக்குகிறது. தமிழகத்தில் தொட்டித் தண்ணீர் பெரும்பாலான மாதங்களில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும்; சோப்புத்தூளின் நொதிகள் அந்த வெப்பத்திலேயே செயல்படும். ஆகவே அன்றாட உடைக்கு வெந்நீர் தேவைப்படுவதில்லை. நோயாளியின் துணி, குழந்தையின் துணி, படுக்கை விரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் வெந்நீர் பயன் தரும்.

2021 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக தன் அறிக்கையில் இலவச வாஷிங் மெஷின் தருவதாக வாக்களித்தது. ஆடம்பரமாகக் கருதப்பட்ட பொருள் ஒரு தலைமுறைக்குள் அடிப்படைத் தேவைகளின் வரிசையில் சேர்ந்ததற்கு இது சான்று.

தேய்ப்பு

துவைப்பு வீட்டுக்குள் போன பிறகும் சலவைத் தொழிலாளிக்கு மிஞ்சியது இஸ்திரி. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் மரக்கரியும் நிரப்பிய கனமான பெட்டியும், தெருமுனையில் நிற்கும் தள்ளுவண்டியும் இன்றும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அங்கம். அரசு, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை வழியாகச் சலவைத் தொழிலாளர்களுக்கு இலவசத் தேய்ப்புப் பெட்டிகளை வழங்கி வருகிறது. சமையல் எரிவாயுவில் இயங்கும் பெட்டிகளும் வந்துள்ளன. கரிப்புகைக்கு மாற்றாகச் சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்த திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். நாளெல்லாம் கரியின் அருகில் நிற்கும் தொழிலாளியின் நுரையீரலைப் பற்றி உலக மேடையில் கவலைப்பட்ட குரல் அது.

நீரும் சூழலும்

உவர்மண்ணும் பூந்திக்கொட்டையும் மண்ணோடு கலந்துவிடும் பொருள்கள். தொடக்ககாலச் செயற்கைத் தூள்களின் கிளைத்த மூலக்கூறுகள் நுண்ணுயிரிகளால் சிதையாமல் ஆறுகளில் நுரையாக மிதந்தன. 1960களில் எளிதில் சிதையும் நேர்க்கோட்டு மூலக்கூறுகளுக்கு உலகம் மாறியது. நீரை மென்மையாக்கச் சேர்த்த பாஸ்பேட்டு ஏரிகளில் பாசியைப் பெருக்கியது. பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி 2015க்குப் பின் சாலை வரை நுரை தள்ளியதற்குச் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் அதில் கலந்த சலவைப் பொருள்களும் காரணம். செயற்கை இழைத் துணிகள் ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் நுண்ணிழைகளை உதிர்க்கின்றன; பருத்தி மட்டுமே இருந்த காலத்தில் இல்லாத கேடு இது.

நீர்ச் செலவிலும் வேறுபாடு உண்டு. முன்பக்கக் கதவு கொண்ட இயந்திரம் ஒரு முழுச் சுமைக்குச் சுமார் 50 முதல் 70 லிட்டரில் வேலையை முடிக்கும். மேலிருந்து போடும் தானியங்கிக்குப் பெரும்பாலும் 100 லிட்டருக்கு மேல் தேவை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு மக்கள் குடத்தோடு நின்றபோது, வாரத்தில் எத்தனை முறை துவைப்பது என்பதே குடும்பத்தின் கணக்காயிற்று.

இரு முறைகளின் மதிப்பீடு

பழைய முறையில் காக்க வேண்டியவை பல. வெயிலில் உலர்த்துவது செலவில்லாத வெளுப்பு. உலர்த்தும் இயந்திரம் இந்த வெயில் நாட்டுக்குத் தேவையில்லை. இழை அறிந்து பொருள் தேர்ந்தெடுப்பது, வெள்ளையையும் சாயத் துணியையும் பிரிப்பது, முன்னதாக ஊறவைப்பது, சுமை சேர்ந்த பின் துவைப்பது ஆகியவை இன்றைய இயந்திரத்துக்கும் பொருந்தும். அளவுக்கு மேல் தூள் போட்டால் துணி கூடுதலாக வெளுக்காது. அலசும் நீர்தான் வீணாகும்.

திரும்பி வரவே கூடாதவையும் உண்டு: பிறப்பால் ஒருவர் மேல் தொழிலைச் சுமத்தியது, ஊர் அழுக்கை எடுத்தவரை ஊருக்கு வெளியே நிறுத்தியது, குளிர்ந்த நீரில் நாளெல்லாம் நின்று விரல் இடுக்கு வெந்துபோன உழைப்பு. வெள்ளாவித் துணியின் மணத்தை நினைத்து ஏங்குவோர் இவற்றையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இயந்திரம் உடலின் நோவைக் குறைத்தது, பொறுப்பைப் பகிர்ந்தளிக்கவில்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில், வீட்டு இயந்திரங்கள் வந்த பிறகும் அமெரிக்கப் பெண்களின் வேலை நேரம் குறையவில்லை என்று காட்டினார். வெளியே சலவையகத்துக்குப் போன துணி வீட்டுக்குத் திரும்பியதும், அடிக்கடி துவைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உயர்ந்ததும் அதற்குக் காரணங்கள். இங்கும் அதுவே நடந்தது. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள்.

புலைத்தியின் கையிலிருந்து குடும்பத் தலைவியின் கைக்கு வந்த வேலை, பொத்தானை அழுத்தினால் முடியும் அளவுக்கு இன்று சுருங்கியிருக்கிறது. துணியைப் பிரித்துப் போடவும், கொடியில் உலர்த்தவும், மடித்து அடுக்கவும் தனிப்பட்ட வலிமையோ பரம்பரை அறிவோ வேண்டியதில்லை. உடுத்துகிற ஒவ்வொருவரும் இதைச் செய்ய முடியும். வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் செய்யத் தொடங்கும்போதுதான் தமிழகச் சலவையின் நவீனமயம் நிறைவடையும்.